பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி

1970-களில் ஒரு கணினிக்கு வலையமைப்பில் பெயர் வேண்டுமென்றால் தொலைபேசியை எடுக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க் நகரில், எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தின் ஓர் அலுவலகத்தில் மணி அடிக்கும். எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் தலைமையில் ஒரு சிறு குழு அங்கே இருந்தது. அலுவலக நேரத்தில் மட்டுமே அழைக்கலாம். கேட்ட பெயர் வேறு யாரிடமும் இல்லையென்றால் ஒரு கோப்பில் ஒரு வரி கூடும். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் இணைந்திருந்த கணினிகள் எல்லாம் அந்த ஒரே கோப்பை அவ்வப்போது இறக்கி வைத்துக்கொள்ளும். பதிவு முடிந்தது. கட்டணம் கிடையாது, காலாவதித் தேதி கிடையாது. பெயருக்குப் பின்னால் புள்ளியும் கிடையாது.

சென்ற ஆண்டு என் தம்பி மகன் பவானியிலிருந்து அழைத்தான். ஜமக்காளம் விற்பதற்கு ஓர் இணையதளம் தொடங்க வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன். "பெரியப்பா, நான் நெனச்ச பேருக்கு டாட் காம் இல்லைங்க. யாரோ வாங்கி வெச்சிருக்காங்க. ஆனா அதே பேருக்கு டாட் ஸ்டோர், டாட் ஷாப், டாட் ஆன்லைன்னு ஒரு நூறு காட்டுதுங்க. வாங்கலாமுங்களா?" என்றான். இரவு பதினொன்றரை மணி. எந்த அலுவலகமும் திறந்திருக்க வேண்டிய தேவை இல்லை. அட்டை எண்ணைத் தட்டினால் இரண்டு நிமிடத்தில் பெயர் அவனுடையது. அவனுக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சொந்தமாக ஓர் இணையதளம் வைத்திருக்கிறேன். அவன் கேட்ட கேள்வியை நான் எனக்கே சரியாகக் கேட்டுக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

ஃபைன்லரின் குழு வைத்திருந்த ஒற்றைக் கோப்பு வெகுகாலம் தாங்கவில்லை. கணினிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. கோப்பு நீண்டது, இரண்டு பேருக்கு ஒரே பெயரின்மேல் ஆசை வந்தது. 1983-இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பால் மொகபெட்ரிஸ் ஒரு மாற்று முறையை வகுத்தார். ஒரே பட்டியலுக்குப் பதில் ஒரு மரம். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பொறுப்பாளர். கிளைக்கும் கிளைக்கும் நடுவே ஒரு புள்ளி. அடுத்த ஆண்டு அக்டோபரில் முதல் கிளைகளுக்குப் பெயர் முடிவாயிற்று. வணிகத்துக்குக் காம், கல்விக்கு எஜு, அரசுக்குக் கவ், படைக்கு மில், மற்றவர்களுக்கு ஆர்க். இவற்றோடு நாடுகளுக்கு ஈரெழுத்துக் குறிகள். நெட் சற்றுப் பின்னால் சேர்ந்தது. ஒரு நிறுவனம் என்ன வேலை செய்கிறது என்பதைப் பின்னொட்டே சொல்லிவிடும் என்பதுதான் அன்றைய எண்ணம். விலாசத்தில் வரும் தெருப்பெயர் போல அது இருந்தது.

1985 மார்ச் 15 அன்று மாசசூசெட்ஸைச் சேர்ந்த சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம் முதல் டாட் காம் பெயரைப் பதிவு செய்தது. அந்த ஆண்டு முழுவதும் பதிவான டாட் காம் பெயர்கள் ஆறு. இன்று டாட் காமில் மட்டும் 15 கோடிக்கு மேல். சிம்பாலிக்ஸ் தன் பழைய நிலையில் இன்று இல்லை. அதன் பெயரை 2009-இல் ஒரு முதலீட்டாளர் வாங்கிக்கொண்டார். நிறுவனம் நொடித்துப்போன பிறகும் அதன் முகவரிக்கு விலை இருந்தது. 1985-இல் அந்தப் பெயரைப் பதிவு செய்தவர்கள் இப்படி ஒன்றை நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பத்தாண்டுகள் பெயர் இலவசமாகவே கிடைத்தது. 1995 செப்டம்பரில்தான், பெயர்ப்பதிவை நடத்திவந்த நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் கட்டணம் வாங்கத் தொடங்கியது: இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர். அதற்கு முந்தைய ஆண்டு நடந்த ஒரு செய்தியை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஜோஷுவா குவிட்னர் என்ற பத்திரிகையாளர் பெரிய நிறுவனங்களில் யார் யார் தங்கள் பெயரைப் பதிவு செய்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தார். மெக்டொனால்ட்ஸ் டாட் காம் யாரிடமும் இல்லை. நிறுவனத்தை அழைத்துச் சொன்னார். அங்கே யாருக்கும் அது அக்கறையாகப் படவில்லை. பிறகு அவரே தம் பெயரில் பதிவு செய்துகொண்டு வயர்ட் இதழில் கட்டுரை எழுதினார். கடைசியில் புரூக்ளினில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இணைய வசதி செய்ய நிறுவனம் பணம் கொடுத்தது. அவர் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்.

இதே நிறுவனம் 2012-இல் டாட் மெக்டொனால்ட்ஸ் என்று ஒரு முழுப் பின்னொட்டையே கேட்டு விண்ணப்பித்தது. விண்ணப்பக் கட்டணம் மட்டும் 1,85,000 டாலர். கிடைத்தது; பெரிதாகப் பயன்படுத்தவில்லை; 2017-இல் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டது. 1994-இல் இலவசமாகக் கிடைத்த பெயரின் மதிப்பு தெரியாமல் விட்டார்கள். 2012-இல், பிந்திவிடக் கூடாதே என்ற பயத்தில், தேவையில்லாத ஒன்றுக்கு அள்ளிக் கொடுத்தார்கள். இரண்டு முடிவுகளுக்கும் இடையே பதினெட்டு ஆண்டுகள். இப்படித் தங்கள் பெயரிலேயே பின்னொட்டு வாங்கிப் பிறகு கைவிட்ட நிறுவனங்கள் நூற்றுக்கும் மேல்.

2012-இல் நடந்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன்பும் பின்னொட்டுகள் கூடின. 2001-இல் டாட் இன்ஃபோவும் டாட் பிஸ்ஸும் வந்தன. டாட் காமில் இடம் கிடைக்காதவர்கள் அங்கே போனார்கள். பெரும்பாலும் அங்கேயே மறக்கப்பட்டார்கள். அதன் பிறகு வந்த டாட் மொபியையும் டாட் டிராவலையும் இன்று தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் அவை எல்லாம் கையளவு. பெயர்களை நிர்வகிக்க 1998-இல் அமைந்த ஐகான் நிறுவனம் 2012 ஜனவரியில் வாயிலை அகலத் திறந்தது. 1,930 விண்ணப்பங்கள் வந்தன. 1,200-க்கும் மேற்பட்ட புதுப் பின்னொட்டுகள் அந்த மரத்தின் வேர்ப்பட்டியலில் ஏறின. ஒரே சொல்லுக்குப் பலர் போட்டியிட்டபோது ஏலம் நடந்தது. டாட் ஆப்புக்குக் கூகுள் கொடுத்தது 2.5 கோடி டாலர். டாட் ஷாப் 2016-இல் 4.15 கோடி டாலருக்குப் போனது. அதே ஆண்டில் டாட் வெப் 13.5 கோடி டாலர்.

மொகபெட்ரிஸுடன் பணியாற்றிய ஜான் போஸ்டலைப் பற்றி இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. தாடியும் செருப்புமாகத் திரிந்த அந்த மனிதர்தான் நெடுங்காலம் எந்த நாட்டின் குறி யாரிடம் இருக்க வேண்டும் என்று தீர்மானித்துக் குறித்துவைத்தவர். 1994 மார்ச்சில் எழுதிய ஒரு குறிப்பில், பின்னொட்டைக் கையில் வைத்திருப்பவரை அவர் அறங்காவலர் என்ற பொருளில் குறிப்பிட்டார். உரிமை, உடைமை என்ற பேச்சு இங்கே பொருந்தாது, பொறுப்பும் சேவையும்தான் பொருந்தும் என்பது அவர் கருத்து. 1998 அக்டோபரில் அவர் இறந்தார். ஒரு சொல்லுக்கு 13.5 கோடி டாலர் கொடுத்தவரை அறங்காவலர் என்று அழைப்பது கடினம். கொடுத்த பணத்தை அவர் திரும்ப எடுத்தாக வேண்டும். யாரிடமிருந்து எடுப்பார்? என் தம்பி மகனைப் போன்றவர்களிடமிருந்துதான்.

இரண்டு நாள் கழித்து அவனே மறுபடி அழைத்தான். பொறுக்க முடியாமல் ஒரு புதுப் பின்னொட்டில் பெயரை வாங்கிவிட்டிருந்தான். முதல் ஆண்டுக்கு நூறு ரூபாய்கூட ஆகவில்லை என்று பெருமையாகச் சொன்னான். ரசீதைப் படமெடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். கீழே சின்ன எழுத்தில் புதுப்பித்தல் கட்டணம் இருந்தது: இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம், ஆண்டுதோறும். ஒரு ஜமக்காளத்தில் அவனுக்கு என்ன மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். அந்த எண்ணை அவனிடம் வாசித்துக் காட்டியபோது அவன் சிறிது நேரம் பேசவில்லை.

டாட் காமுக்கு ஒரு காவல் இருக்கிறது. அதை நடத்தும் வெரிசைன் நிறுவனம் விற்பனையாளர்களிடம் வாங்கும் மொத்த விலைக்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு உண்டு. 2012 முதல் 2021 வரை அது 7.85 டாலர். பிறகு படிப்படியாக ஏறி, 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது. ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். புதுப் பின்னொட்டுகளுக்கு அப்படி வரம்பு எதுவும் இல்லை. 2017-இல் யூனிரெஜிஸ்ட்ரி என்ற நிறுவனம் தன் கையிலிருந்த பல பின்னொட்டுகளின் விலையைப் பன்மடங்கு உயர்த்தியது. போதிய பேர் வாங்கவில்லை, இருப்பவர்களிடம் கூடுதலாக வாங்கினால்தான் நடத்த முடியும் என்பது காரணம். திருமணம் செய்துகொள்பவர்களுக்கென்று டாட் வெட் என்று ஒன்று வந்தது. அதன் விலைத்திட்டம் இன்னும் விசித்திரம்: முதல் இரண்டு ஆண்டுகள் சாதாரணக் கட்டணம், மூன்றாம் ஆண்டிலிருந்து 30,000 டாலர். மணமக்கள் பெயரை விட்டுக்கொடுத்தால் அடுத்த மணமக்களுக்கு அதே பெயரை விற்கலாம் என்ற கணக்கு. திருமணப் படங்களை எவரும் இரண்டு ஆண்டில் மறந்துவிட மாட்டார்கள் என்று அதை வகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. 2017 இறுதியில் அதை நடத்த முடியாமல் போய், ஐகானின் அவசர ஏற்பாட்டின் கீழ் வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்தார்கள்.

வாங்குபவருக்கு ஒரே ஒரு பிடிமானம் உண்டு. பலருக்கு அது தெரியாது. ஐகானுடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, புதுப்பித்தல் விலையை உயர்த்துவதற்கு 180 நாட்களுக்கு முன்பே பின்னொட்டை நடத்துபவர் தம் விற்பனையாளர்களுக்கு அறிவிக்க வேண்டும். அந்த இடைவெளியில் பழைய விலையிலேயே பத்து ஆண்டு வரை நீட்டித்துக்கொள்ளலாம். 1995-க்கு முன்பு பெயர் வாங்கியவருக்கு இந்த விதி எதற்கும் பயன்பட்டிருக்காது. அவர் ஒருமுறை வாங்கினார், வைத்திருந்தார். இன்று வாங்குபவர் ஒரு வாடகைதாரர். வாடகையை யார் எப்போது ஏற்றலாம் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகே அவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அதற்காகப் பழைய ஏற்பாட்டைப் புகழ்ந்துகொண்டிருக்கவும் எனக்கு மனமில்லை. முன்னால் வந்தவன் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும் முறை அது. அகராதியில் உள்ள நல்ல ஆங்கிலச் சொற்கள் எல்லாம் 1990-களிலேயே முடிந்துவிட்டன. பிசினஸ் டாட் காம் 1999-இல் 75 லட்சம் டாலருக்கு விலைபோனது. வாய்ஸ் டாட் காம் 2019-இல் 3 கோடி டாலருக்கு. கோடிக்கணக்கான பெயர்கள் எந்தத் தளமும் இல்லாமல், யாராவது வந்து கேட்பார்கள் என்று பூட்டிக்கிடக்கின்றன. கூகுளின் தாய் நிறுவனமாக 2015-இல் ஆல்ஃபபெட் உருவானபோது, ஆல்ஃபபெட் டாட் காம் பி.எம்.டபிள்யூ. குழுமத்திடம் இருந்தது, ஏபிசி டாட் காம் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனத்திடம். அவ்வளவு பெரிய நிறுவனமே ஏபிசி டாட் எக்ஸ்ஒய்ஸெட் என்று ஒரு புதுப் பின்னொட்டில் போய் அமர்ந்தது. பவானியில் தறி வைத்திருப்பவன் டாட் காம் கிடைக்கவில்லை என்று வருந்துவதில் வியப்பென்ன? புது வாயில்கள் திறந்தது நியாயமான காரியம் என்றே நினைக்கிறேன். திறந்த விதத்தில்தான் எனக்கு வருத்தம்.

பின்னொட்டு எதைச் சொல்கிறது என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. அன்று எஜு என்றால் கல்லூரி, கவ் என்றால் அமெரிக்க அரசு. ஐயமே கிடையாது. இன்று ஒரு முகவரியின் கடைசியில் டாட் டாப் என்று இருந்தால் அது எதையும் சொல்வதில்லை. சில நேரம் எச்சரிக்கையாகவே ஒலிக்கிறது. மலிவாகக் கிடைக்கும் பெயர்களை மோசடிக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வாங்கி, ஒரு வாரம் பயன்படுத்தி, எறிந்துவிடுவார்கள். டாட் டாப்பை நடத்தும் நிறுவனம் மோசடிப் புகார்களைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று 2024-இல் ஐகானே ஒப்பந்த மீறல் அறிவிப்பு அனுப்பியது. சுமார் 1,500 பேர் வாழும் டோக்கிலாவ் தீவுகளின் டாட் டிகேவை ஃப்ரீனம் என்ற நிறுவனம் பல ஆண்டுகள் இலவசமாக அள்ளிக் கொடுத்தது. ஒரு காலத்தில் உலகின் பெரிய நாட்டுக் குறிகளில் ஒன்றாக அது நின்றது. அதில் போலித்தளங்கள் மலிந்தன. 2023-இல் மெட்டா வழக்குப் போட்டது. ஃப்ரீனம் அந்தத் தொழிலையே விட்டு விலகியது. ஃபைன்லரின் காலத்திலும் பெயர் இலவசம்தான். அன்று தொலைபேசியின் மறுமுனையில் ஒருவர் இருந்தார். நீங்கள் யார் என்று கேட்டார்.

மனிதர்களின் பழக்கமும் இருக்கிறது. ஓவர்ஸ்டாக் என்ற அமெரிக்க நிறுவனம் கொலம்பியாவின் குறியில் ஓ டாட் கோ என்ற பெயரை 3,50,000 டாலருக்கு வாங்கி, 2011-இல் தன்னையே அந்தப் பெயரால் அழைத்துக்கொண்டது. விளம்பரம் பார்த்தவர்கள் ஓ டாட் காம் என்றே தட்டினார்கள். சில மாதங்களில் பழைய பெயருக்கே திரும்பினார்கள். நம் ஊரில் இது இன்னும் அதிகம். தொலைபேசியில் முகவரி சொல்லிப் பாருங்கள், எந்தப் பெயரைச் சொன்னாலும் மறுமுனையில் "டாட் காமுங்களா?" என்றுதான் கேட்பார்கள். சில இணையப் படிவங்கள் இன்னமும் நீளமான பின்னொட்டுள்ள மின்னஞ்சலைத் தவறு என்று தள்ளிவிடுகின்றன. பின்னொட்டு என்றால் இரண்டு மூன்று எழுத்து என்று பழைய நிரலாளர் ஒருவர் நினைத்து எழுதிய வரி எங்கோ ஒரு சர்வரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

வாயிலில் ஆள் இருக்கும் பின்னொட்டு மட்டும் வேறு மாதிரி. இந்திய ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில், நம் நாட்டு வங்கிகள் எல்லாம் டாட் பேங்க் டாட் இன் என்ற முகவரிக்கு மாற வேண்டும் என்று அறிவித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 31 கெடு. ஹைதராபாத்தில் உள்ள ஐ.டி.ஆர்.பி.டி. என்ற வங்கித் தொழில்நுட்ப நிறுவனம் மட்டுமே அதைப் பதிவு செய்து தர முடியும். வங்கி அல்லாதவருக்குக் கிடையாது. முன்பு ஸ்டேட் வங்கியின் இணையச் சேவை ஒரு டாட் காம் முகவரியில் இருந்தது. அதே போல் தோன்றும் போலி முகவரியை எவரும் ஆயிரம் ரூபாயில் வாங்கிவிடலாம். இப்போது பார்வை ஒரே இடத்தில் நின்றால் போதும்: கடைசியில் பேங்க் டாட் இன் இருக்கிறதா? 1984-இல் பின்னொட்டிடம் எதை எதிர்பார்த்தார்களோ, அந்த வேலையை இது நாற்பது ஆண்டு கழித்து மறுபடி செய்கிறது. டாட் ஆப்பிலும் டாட் டெவ்விலும் இது போல ஒரு சிறு நன்மை உண்டு. அந்தப் பெயர்களில் உள்ள தளங்களைப் பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் உலாவி திறக்காது.

நாட்டுக் குறிகளின் கதையோ தனி. அங்கே ஐகானின் விலை விதிகள் செல்லாது. அந்தந்த நாடு வைத்ததே சட்டம். கரீபியத் தீவான அங்குவில்லாவுக்கு 1995-இல் கிடைத்த ஏஐ என்ற ஈரெழுத்து கால் நூற்றாண்டு யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. செயற்கை நுண்ணறிவு அலை வந்ததும் 2023-இல் மட்டும் சுமார் 3.2 கோடி டாலர் வருமானம். அரசு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. பதினைந்தாயிரம் பேர் கொண்ட தீவுக்கு அது பெரும் பேறு. டாட் ஐஓவை நம்பி நிறுவனம் நடத்துபவர்களுக்கோ இன்று கவலை. அது சாகோஸ் தீவுகளின் குறி. 1968 முதல் 1973 வரை அந்தத் தீவு மக்களைப் பிரிட்டன் வெளியேற்றியது; அவர்கள் இல்லாத நிலத்தின் பெயரில்தான் உலகமெங்கும் மென்பொருள் நிறுவனங்கள் முகவரி வாங்கின. தீவுகளை மொரீஷியசுக்குக் கொடுக்கும் உடன்படிக்கை 2025 மே மாதம் கையெழுத்தானது. குறிக்குரிய நிலம் நாடுகளின் பட்டியலில் இல்லாமல் போனால் குறியும் நாளடைவில் போக வேண்டும் என்பதே வழக்கம். யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யூ 2010 மார்ச்சில் அப்படித்தான் அணைந்தது.

நம் டாட் இன் பின்னொட்டும் ஒரு காலத்தில் எட்டாத கனியாக இருந்தது. 2004 வரை விதிகள் கடுமை. பன்னிரண்டு ஆண்டுகளில் பதிவானவை ஏழாயிரம் பெயர் அளவில்தான். இந்திய நிறுவனங்களே டாட் காமைத் தேடி ஓடின. 2005-இல் நிக்ஸி அமைப்பின் பொறுப்பில் எல்லோருக்கும் திறந்தார்கள். இன்று முப்பது லட்சத்துக்கு மேல். அன்று டாட் இன் வைத்திருந்தால் அரசாங்கமோ பெரிய நிறுவனமோ என்று அர்த்தம். இன்று தேநீர்க்கடைக்கும் இருக்கலாம். அந்த இழப்பு எனக்கு ஓர் இழப்பாகவே படவில்லை.

தமிழைப் பற்றிச் சொல்ல வரும்போது மனம் கொஞ்சம் கனக்கிறது. ஃபைன்லரின் கோப்பில் ஆங்கில எழுத்து 26, எண் பத்து, நடுவில் ஒரு சிறு கோடு, இவை மட்டுமே இடம்பெறலாம். அந்த விதி அப்படியே மரத்துக்கும் வந்தது. கால் நூற்றாண்டு உலகத்தின் எல்லா மொழிக்காரர்களும் தங்கள் பெயரை அந்த எழுத்துக்குள் அடைத்துக்கொண்டார்கள். 2007 அக்டோபரில் ஐகான் பதினொரு மொழிகளில் சோதனை முகவரிகளை வேர்ப்பட்டியலில் ஏற்றியபோது அவற்றில் தமிழும் ஒன்று. உதாரணம்.பரிட்சை என்பது அந்த முகவரி. அதை உலாவியில் தட்டிப் பக்கம் திறந்ததைப் பார்த்த இரவு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முகவரிப் பட்டையில் முதன்முதலாக நம் எழுத்து. 2013-இல் அந்தச் சோதனைப் பெயரை நீக்கிவிட்டார்கள். அதற்குள் மூன்று நிலையான தமிழ்ப் பின்னொட்டுகள் வந்துவிட்டிருந்தன: .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா. மூன்று நாடுகள் ஒரே எழுத்தில் தங்கள் பெயரை இணையத்தின் வேரில் எழுதிவைத்திருக்கின்றன. உலக மொழிகளில் பலவற்றுக்கு இந்தப் பேறு கிடையாது.

ஆனால் தெருவில் எத்தனை பலகைகளில் அதைப் பார்க்கிறோம்? சென்னையில் நான் நடக்கும் வழியில் ஒன்றுகூட இல்லை. காரணங்கள் எனக்குத் தெரியும். மின்னஞ்சலில் தமிழ் முகவரியை ஏற்கும் இடங்கள் குறைவு. நகலெடுத்து ஒட்டினால் பல செயலிகளில் அது எக்ஸ், என் என்று தொடங்கும் புரியாத ஆங்கிலக் கோவையாக மாறிவிடுகிறது; உள்ளே மரம் இன்னும் அந்த 26 எழுத்தில்தான் பேசுகிறது. எழுத்தில் உள்ள நுணுக்கங்களும் உண்டு. 'ஔ' என்ற ஓரெழுத்தும் 'ஒள' என்ற ஈரெழுத்தும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும். ஔவைக்கு ஒரு முகவரி வாங்கினால் இன்னொருவர் அதே போலத் தோன்றும் வேறொன்றை வாங்கிவிடலாம். இதற்கெல்லாம் விதி வகுக்க அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். அந்த உழைப்புக்கு ஏற்ற பயன் இன்னும் வரவில்லை. ஆங்கிலத்தில் எழுதப் பழகிய விரல்கள் திரும்பவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2026-இல் ஐகான் மறுபடி புதுப் பின்னொட்டுகளுக்கான விண்ணப்பச் சுற்றை வகுத்திருக்கிறது. கட்டணம் இம்முறை 2,27,000 டாலர். தமிழ்ச் சொல் ஒன்றுக்காக யாராவது கேட்டால் எனக்கு மகிழ்ச்சிதான். கேட்பவர் போஸ்டல் சொன்ன பொருளில் அறங்காவலராக இருக்க வேண்டும் என்ற கவலையும் உண்டு.

தம்பி மகனுக்கு ஒரு வாரம் கழித்துப் பதில் சொன்னேன். வாங்கி வைத்துப் பிறகு விற்கலாம் என்ற எண்ணத்தில் புதுப் பின்னொட்டு எதையும் தொடாதே. அதில் லாபம் பார்த்தவர்கள் மிகச் சிலர், ஆண்டுதோறும் கட்டியவர்கள் மிகப் பலர். தளம் நடத்தத்தான் வேண்டும் என்றால், புதுப்பித்தல் விலையைப் பார், முதல் ஆண்டு விலையைப் பார்க்காதே. வாயால் சொன்னால் கேட்பவர் பிழையில்லாமல் எழுதுகிறாரா என்று பார். உன் வாடிக்கையாளர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள். டாட் இன் உனக்குப் போதும். பவானி ஜமக்காளம் என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயரை அந்த வட்டாரத்துக்கு வெளியே நெய்தவர் சொல்லிக்கொள்ள முடியாது. உன் முகவரியில் அந்த ஊர்ப்பெயர் வருவது எந்தப் பின்னொட்டையும்விடப் பெரிய பலம்.

அவன் கேட்டுக்கொண்டான். நூறு ரூபாய்க்கு வாங்கியதை அப்படியே காலாவதியாக விட்டுவிட்டு, ஊர்ப்பெயரும் தாத்தா பெயரும் சேர்ந்த ஒரு டாட் இன் பெயரை ஐந்து ஆண்டுக்கு வாங்கினான். கூடவே, எனக்குச் சொல்லாமல், அதே பெயரைத் தமிழில் .இந்தியா என்றும் வாங்கியிருந்தான். "இது நமக்காகங்க பெரியப்பா, கணக்குல சேராது" என்றான்.

தை மாதம் பவானிக்குப் போயிருந்தபோது கடை முன்னால் பலகை எழுதிக்கொண்டிருந்தார்கள். மேல்வரியில் தமிழ் முகவரி, கீழ்வரியில் ஆங்கிலம். ஓவியர் வயதானவர், தாளில் எழுதிக் கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு, தூரிகையை நிறுத்தி, பெயருக்கும் இந்தியாவுக்கும் நடுவே இருந்த இடத்தைக் காட்டினார்.

"தம்பி, இந்தப் புள்ளி எழுத்துக்கு மேல வருதா, கீழயா?"

"கீழதானுங்ணா. அடிக்கோட்டோட ஒட்டி."

அவர் சிவப்பில் தோய்த்து, சற்றுப் பெரிதாகவே வைத்தார்.